அடுத்த திருப்பம் மட்டும்

— கையக் காட்டுங்க அண்ணி. அந்தக் கையில்ல, இன்னொண்ணு. சிஸ்டர் திரும்ப வர்றதுக்குள்ள துடைச்சிரலாம்.

— நேத்து ஆசை ஆசையாப் பூசினது யாரு?

— நான்தான் தாயே, நானேதான். பார்லர் வெச்சிருக்கறவளோட அண்ணி மொட்டை நகத்தோட ஆபரேஷனுக்குப் போனா என் தொழில் மானம் என்ன ஆகும்? விரல்ல கிளிப் மாட்டுவாங்க, நகச்சாயம் இருந்தா அந்த மெஷின்ல அளவு சரியாத் தெரியாதுன்னு எனக்கு யாரு சொன்னா?

— அந்த சிஸ்டர் என் கையப் பாத்துட்டு, "என்னம்மா, கல்யாண வீட்டுக்குப் போற வழியில வந்தீங்களா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு மானமே போச்சு.

— போனாப் போகட்டும். கலரு எப்படின்னு கேட்டாங்களா இல்லயா? எந்தக் கடையில வாங்கினதுன்னும் கேட்டாங்களே!

— அத ஏன் மறைக்கணும், கேட்டுச்சு. என்ன நெடிடீ இது! இத முகர்ந்தாலே போதும் போல, மயக்க மருந்து வேண்டாம்.

— ஆடாம இருங்க. தோலெல்லாம் எரியும்.

— உங்க அண்ணன் எங்க?

— வெளிய பெஞ்சுல படுக்க வெச்சிருக்கேன்.

— ஏன்?

— உங்களுக்கு ஊசி ஏத்தினாங்கல்ல, கதவிடுக்குல எட்டிப் பாத்தாரு. ஊசி ஏறினது உங்களுக்கு, மயக்கம் வந்தது அவருக்கு. தொப்புன்னு விழுந்துட்டாரு. ஓடி வந்த டாக்டர், "யாரும்மா பேஷண்ட்டு?"ன்னு கேக்குறாரு.

— கடவுளே! ஒழுங்காத் தண்ணி குடுத்தியா?

— தண்ணி, பிஸ்கட்டு, ஒரு வாட்ச்மேனத் துணைக்கு, எல்லாம் குடுத்தாச்சு. நீங்க உங்க வேலையப் பாருங்க. கட்டைவிரல நீட்டுங்க.

— பாப்பா.

— ம்.

— அம்பது தாண்டினவள பாப்பான்னு கூப்பிடறது எனக்கே சிரிப்பா இருக்கு.

— கூப்பிடுங்க. எனக்கு வயசு குறையுது. என்ன சொல்ல வந்தீங்க?

— கட்டி ஆரஞ்சுப்பழம் அளவுன்னாரு ஸ்கேன் எடுத்தவரு. சூல்பையில. அதோட கர்ப்பப்பையயும் சேத்து எடுத்துரலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எடுத்துட்டு டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்களாம். அது கெட்ட கட்டியா இருந்தா அப்புறம் மருந்து ஏத்தணும். மருந்து ஏத்தினா முடி கொட்டும். முடி கொட்டினா ஸ்கூலுக்கு எப்படிப் போறது, வண்டி கத்துக்க வர்ற புள்ளைங்க என்னப் பாத்து…

— அண்ணி, வண்டிய ஓரமா நிறுத்துங்க.

— என்ன?

— உங்க டிரைவிங் ஸ்கூல்ல புதுசா ஒருத்தர் வந்து உக்காந்ததும் என்ன சொல்வீங்க?

— கண்ணாடியப் பாருன்னு சொல்வேன்.

— அதுக்கப்புறம்?

— எங்க போறோம்னு கேக்காத, அடுத்த திருப்பத்த மட்டும் நான் சொல்றேன், அத மட்டும் பாருன்னு சொல்வேன்.

— ஏன் அப்படி?

— முழு வழியும் முதல்லயே சொல்லிட்டா, தூரத்துல இருக்கற மெயின் ரோட்ட நினைச்சு இங்க சந்துலயே கை நடுங்கும். பாதி பேரு இறங்கி ஓடிருவாங்க. நீயே ஓடினவதானே?

— என் கதைய இப்ப விடுங்க. இப்ப நான் வாத்தியார். உங்களுக்கு அடுத்த திருப்பம் இந்த மோதிரவிரல். அது முடிஞ்சா சுண்டுவிரல். அதுக்கு அங்கிட்டு ரோடே இல்ல. புரியுதா?

— …புரியுது டீச்சர்.

— அப்படி வாங்க வழிக்கு. கர்ப்பப்பை போறதுக்கெல்லாம் வருத்தப்படாதீங்க. அது செய்யவேண்டிய வேலையச் செஞ்சு, ரெண்டு புள்ளைங்களப் பெத்துப் போட்டாச்சு. என்னயப் பாருங்க, மாசாமாசம் வர்ற தொல்லை நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. முழு ரிட்டயர்மென்ட்டு. பிரிவுபசார விழாதான் யாரும் நடத்தல.

— ஒரு மாலை வாங்கிப் போட்டிருக்கலாம்.

— போட்டிருக்கலாம்ல? பாருங்க, சிரிச்சுட்டீங்க.

— பையில பேடு இருக்கா? ஆபரேஷனுக்கப்புறம் கொஞ்ச நாள் லேசா ரத்தம் படும்னு சிஸ்டர் சொன்னாங்க.

— இருக்கறதுலயே பெரிய பேக்கட்டா வாங்கி வெச்சிருக்கேன். உங்களுக்கு ஒரு மாசத்துக்குக் காணும். காலக் காட்டுங்க.

— காலுமா பூசின?

— ஒரு வேலைய எடுத்தா அரைகுறையா விட்டு எனக்குப் பழக்கமில்ல.

— என்னம்மா, ரெடியா? ட்ராலி வந்தாச்சு. ஏறிப் படுங்க. அக்கா, நீங்க அந்தக் கதவு வரைக்கும் வரலாம்.

— ஆச்சு சிஸ்டர், கையெல்லாம் பளிச்சுன்னு துடைச்சாச்சு பாருங்க.

— நல்லது. அம்மா, ஏன் காலப் போட்டு அப்படி அழுத்துறீங்க? வலிக்குதா?

— அது வலி இல்ல சிஸ்டர். எங்க அண்ணி டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறவங்க. அவங்க பக்கமும் ஒரு பிரேக்கு இருக்கும்ல? அடுத்தவங்க ஓட்டினாலே கால் தன்னால மிதிக்கும்.

— திருப்பத்துல வேகமாப் போறாரும்மா இந்தத் தம்பி.

— மெதுவாத் தள்ளுங்க தம்பி, டீச்சர் பாக்குறாங்க. அண்ணி, அடுத்த திருப்பம் என்ன?

— அந்தக் கதவு.

— அவ்வளவுதான். நான் இங்கயே நிப்பேன்.

* * *

— ஏதாவது ஆச்சா அண்ணி?

— மெதுவாப் பேசுடீ.

— மெதுவாத்தானே கேக்கறேன். காத்து பிரிஞ்சுதா?

— பக்கத்துக் கட்டில்ல ஆளு இருக்காங்க.

— அந்த அக்காவுக்கு நேத்தே பிரிஞ்சிருச்சு. அங்க பாருங்க, ராணி மாதிரி உக்காந்து டீ குடிக்கிறாங்க. உங்களுக்கும் அது ஆனாத்தான் டீ. குடல் முழிச்சிருச்சான்னு டாக்டரம்மாவுக்குத் தெரியவேண்டாமா?

— கல்யாணமாகி இத்தன வருஷத்துல உங்க அண்ணன் முன்னாடி நான் ஒரு தடவ கூட…

— அவரு முன்னாடி வேண்டாம், சிஸ்டர் முன்னாடி வேண்டாம், என் காதோட சொன்னாப் போதும். ஆஸ்பத்திரிக்கே சேதி சொல்லிர்றேன்.

— சிரிக்க வைக்காத! தையல் இழுக்குது. தலகாணியக் குடு, தலகாணி.

— இந்தாங்க. வயித்தோட அணைச்சுப் பிடிங்க. சிரிக்கவும் அதுதான், இருமவும் அதுதான். நல்ல தலகாணி இது, வீட்டுக்குப் போகும்போது கேட்டு வாங்கிரலாம்.

— பாப்பா, முழிச்சதும் முதல்ல நான் என்ன பாத்தேன் தெரியுமா?

— என்னயத்தானே? பக்கத்துலயே நின்னேனே.

— இல்ல. எல்லாம் புகை புகையாத் தெரிஞ்சுது. நான் இருக்கேனா போயிட்டேனான்னே புரியல. போர்வைக்கு வெளிய என் கால் தெரிஞ்சுது. அதுல சுண்டுவிரல் மட்டும் செக்கச் செவேல்னு இருந்துச்சு.

— ஐயோ, விட்டுட்டேனா?

— விட்டுட்ட. அரைகுறையா விட்டுப் பழக்கமில்லாதவ விட்டுட்ட. அதப் பாத்ததும்தான், "சரி, இது நம்ம பாப்பா பண்ணின வேலை, நாம உயிரோடதான் இருக்கோம்"னு தெரிஞ்சுது.

— அண்ணி…

— இப்ப நீ எதுக்கு அழற?

— நான் எங்க அழறேன், ரிமூவர் நெடி இன்னும் போகல. எந்திரிங்க, நடக்கலாம். நடந்தாத்தான் வயித்துல எல்லாம் நகரும். ஒரு பக்கமாத் திரும்பிப் படுத்து, கைய ஊணி… அப்படித்தான். தலை சுத்துதா?

— இல்ல. வழியக் கொஞ்சம் மறைக்குது. அந்த வீல்சேர ஓரமா விடச் சொல்லு.

— ஆரம்பிச்சாச்சு.

— நடு வராந்தாவுல நிறுத்தினா எதுத்தாப்புல வர்றவங்க எப்படிப் போவாங்க? நீ கண்ணாடியப் பாத்தியா, பின்னாடி சாப்பாட்டு வண்டி வருது. ஒதுங்கு.

— எனக்கு எங்க இருக்கு கண்ணாடி?

— ஜன்னல்ல தெரியுது பாரு. நல்ல டிரைவருக்கு எல்லாமே கண்ணாடிதான்.

— அடுத்த திருப்பம் வரைக்கும் போவோம். அந்தத் தண்ணிக் குழாய். வலிக்குதா?

— வலிக்குது. ஆனா நடக்கறது நல்லாருக்கு. ஆரஞ்சுப்பழம் இறங்கின மாதிரிதான் இருக்கு, பாரம் இல்ல… இரு.

— என்ன ஆச்சு? ஏன் நின்னுட்டீங்க?

— ஒண்ணும் இல்ல.

— தலை சுத்துதா? சிஸ்டரக் கூப்பிடவா?

— கூப்பிடாத. ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல.

— முகமே ஒரு மாதிரி… அண்ணி! அதானா?

— ஹார்ன் அடிச்சிருச்சு.

— சிஸ்டர்! சிஸ்டர்! எங்க அண்ணிக்கு ஹார்ன் அடிச்சிருச்சு!

— அடியே, கத்தாத! தலகாணி, தலகாணிய எங்கடீ வெச்ச!

— என்ன சத்தம் இங்க? ஓ, ஆச்சா? சபாஷ்! நல்ல சேதிம்மா. இப்ப கொஞ்சம் வெந்நீர் குடிங்க, அப்புறம் டீ சொல்றேன்.

— சிஸ்டர், வெளிய பெஞ்சுல எங்க அண்ணன் இருக்காரு. அவருக்கும் ஒரு டீ. பாவம், மனுஷன் ரெண்டு நாளா அங்கேருந்தே எனக்கு போன் போட்டு இதையேதான் கேட்டுட்டிருக்காரு.

— அவரு வேறயா கேட்டாரு? போச்சு. இனிமே அந்த மனுஷன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?

— கைதட்டுவாரு பாருங்க. வாங்க, மெதுவாத் திரும்புவோம். உக்காருங்க. அப்பாடி.

— பையில ஒரு பேடு எடு. சிரிச்சதுல லேசாப் பட்ட மாதிரி இருக்கு.

— இந்தாங்க. இதோட முடிஞ்சுது, சாயங்காலம் வாங்கிட்டு வந்திர்றேன்.

— முடிஞ்சுதா? ஒரு மாசத்துக்குக் காணும்னு சொன்னியே. நான் ஒண்ணு ரெண்டுதானே எடுத்தேன்?

— அது… பக்கத்துக் கட்டில் அக்கா அவசரத்துக்குக் கேட்டாங்க. குடுத்துட்டேன்.

— அவங்களுக்குப் பித்தப்பை ஆபரேஷன்.

— பித்தப்பைன்னா அவசரம் வராதா? கேட்டாங்க, குடுத்தேன். நீங்க டீ வருதான்னு பாருங்க, நான் பாத்ரூம் போயிட்டு வர்றேன்.

— இப்பத்தானே போயிட்டு வந்த?

— எனக்கும் குடல் முழிச்சிருச்சு போல.

* * *

— இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணி.

— எத்தன தடவடீ சொல்றது? வந்ததுலேருந்து இதே வேலையா இருக்கு.

— டாக்டரம்மா சொல்லும்போது எனக்குக் காது அடைச்சிருச்சு. சரியாக் கேக்கல. அவங்க மாதிரியே கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டுச் சொல்லுங்க.

— "ரிப்போர்ட்டு வந்திருச்சும்மா. கெட்ட கட்டி இல்ல. சாதாரணக் கட்டிதான். மருந்து ஏத்தற பேச்சுக்கே இடமில்ல. போயி நிம்மதியாத் தூங்குங்க."

— கெட்ட கட்டி இல்ல!

— இல்ல.

— தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு!

— சும்மா போகல, ஆரஞ்சுப்பழத்தோட போச்சு. உங்க அண்ணன் என்ன பண்றாரு, சமையல்கட்டுல ஒரே உருட்டலா இருக்கு?

— உங்களுக்காக சூப்பு வைக்கிறாரு. உப்புப் போட்டோமா இல்லயான்னு மறந்துபோயி ஒவ்வொரு தடவயும் கொஞ்சம் போடறாரு. நடுவுல வந்து நிலைப்படியில நின்னு உங்களப் பாக்குறாரு, போறாரு. அவரு அழுத கண்ணீரே போதும், இனி உப்பே வேண்டாம்னு சொல்லிருக்கேன்.

— நல்ல மனுஷன். பயந்தாங்கொள்ளி.

— எங்க குடும்பமே அப்படித்தான். எங்க வீட்டுல தைரியசாலி வெளியிலேருந்து வந்தது, நீங்க ஒருத்திதான்.

— நானா? அன்னிக்கு நகத்தத் துடைச்சு விடும்போது என் கை நடுங்கினது உனக்குத் தெரியலயா?

— தெரிஞ்சுது. அதான் விரல் விரலாத் துடைச்சேன். இல்லாட்டி எனக்கு அது ரெண்டு நிமிஷ வேலை.

— அப்படியா விஷயம்! கள்ளி.

— சரி, தலையக் குடுங்க. எண்ணெய் தடவி விடறேன். அந்த நாற்காலிய நீங்க தூக்காதீங்க! கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. கொஞ்ச நாளைக்கு வண்டியும் ஓட்டக் கூடாது.

— ஸ்கூல் வண்டி வாசல்ல சும்மா நிக்குது. பாத்தாலே கால் அரிக்குது.

— அரிக்கட்டும்.

— பாப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளுங்க.

— எனக்குப் படறது நின்னு ஒரு வாரம் ஆச்சு. பாத்ரூம்ல புதுசா ஒரு பேக்கட்டு பிரிச்சு வெச்சிருக்கே?

— அதுவா… பார்லருக்கு வாங்கினேன். அங்க வேல பாக்கற பொண்ணுங்களுக்கு.

— பார்லருக்கு வாங்கினது இந்த வீட்டு பாத்ரூம்ல எதுக்கு?

— மறதில வெச்சிருப்பேன். எனக்கும் வயசாகுதுல்ல.

— ம்.

— என்ன "ம்"?

— ஒண்ணும் இல்ல. நான் ஓட்டக் கூடாது. உங்க அண்ணன்கிட்ட வண்டியக் குடுத்தா நேரா ஊசி போடற எடத்துலதான் போயி நிக்கும். நீ கத்துக்கோ.

— நானா? மூணு தடவ டெஸ்ட்டுல தோத்தவ நான்! அந்தக் கிளட்ச்சு இருக்கே, அது எனக்குன்னே கோணலா செஞ்சு வெச்சது.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். எனக்கு உடம்பு தேறட்டும். பக்கத்துல நான் உக்காந்துக்கறேன். என் பக்கம் பிரேக்கு இருக்குல்ல?

— அந்த பிரேக்க மிதிக்கலாமான்னு டாக்டரம்மாகிட்ட கேக்கணும்.

— கேக்கறேன். அவங்ககிட்ட நான் ஒண்ணு ரெண்டு விஷயம் கேக்க வேண்டியிருக்கு.

* * *

— கண்ணாடி.

— பாத்தாச்சு.

— எதப் பாத்த?

— என் புருவத்த. ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. சும்மா சொன்னேன் தாயே, முறைக்காதீங்க. பின்னாடி ஒரு பால்வண்டி, அதுக்குப் பின்னாடி சைக்கிள்ல ஒரு தாத்தா.

— நல்லது. கிளட்ச்ச மெதுவா விடு. நகத்துல சாயம் காயறதுக்குள்ள ஒரு பொருளத் தொடுவல்ல, அந்த மாதிரி.

— ஓ! அத முன்னாடியே இப்படிச் சொல்லிருந்தா முதல் டெஸ்ட்டுலயே பாஸ் ஆயிருப்பேனே! போகுது அண்ணி! வண்டி குதிக்காமப் போகுது!

— போகும். அடுத்த திருப்பம், வலது பக்கம்.

— எங்கதான் போறோம்?

— எங்க போறோம்னு கேக்கக் கூடாது.

— கடைக்கா? சேலை எடுக்கறதுக்கா? நீங்க தேறி வந்ததுக்கு எனக்கு ஒரு சேலை கடன் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.

— ரோட்டப் பாரு. இடது பக்கம், அந்த மரத்தத் தாண்டி.

— வந்தாச்சு. சிக்னல் போட்டேன் பாத்தீங்களா? நீங்க சொல்லாமலே போட்டேன்.

— பாத்தேன். நல்லா ஓட்டற பாப்பா. நெசமாத்தான் சொல்றேன்.

— உங்க கால் பிரேக்கத் தொடவே இல்லயே?

— தொடல. வெச்சிருக்கேன், அவ்வளவுதான். அந்தப் பெரிய கேட்டுக்குள்ள விடு. நேராப் போ. ரெண்டு வண்டிக்கு நடுவுல எடம் இருக்கு, பின்னாடியே எடுத்து நிறுத்து. அவசரமில்ல.

— நடுவுலயா? கடைசித் தடவ தோத்தது இதுலதான்.

— சுவத்த மட்டும் பாரு. இன்னும் கொஞ்சம். ஸ்டியரிங்க ஒடி. நேராக்கு. நிறுத்து.

— நிறுத்திட்டேன்! அண்ணி, இடிக்காம நிறுத்திட்டேன்! போன் எங்க, அண்ணனுக்குச் சொல்லணும். இது எந்த எடம்? இருங்க… இது நம்ம ஆஸ்பத்திரியில்ல? பின்பக்கக் கேட்டு வழியாக் கூட்டிட்டு வந்திருக்கீங்க! இன்னிக்கு உங்களுக்கு செக்கப்பா? சொல்லவே இல்லயே. ஃபைல எடுத்துட்டு வந்தீங்களா?

— என் ஃபைலு வீட்டுல இருக்கு. எஞ்சின அணை. கையக் காட்டு.

— எதுக்கு? அது என்ன கையில, ரிமூவரா? என் நகத்த ஏன் துடைக்கிறீங்க, நேத்துதானே பூசினேன்?

— ஆடாத. தோல் எரியும்.

— அண்ணி…

— ரிட்டயர் ஆனவளுக்கு எதுக்குடீ பேக்கட் பேக்கட்டா பேடு? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கற. நின்னு ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பப் பட்டா உடனே பாக்கணும்னு ஆஸ்பத்திரிச் சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. அது கீழ உக்காந்துதானே எனக்கு வெந்நீர் ஆத்திக் குடுத்த?

— …படிச்சேன். உங்க ஆபரேஷன் நேரத்துல நானும் ஒண்ணச் சொல்லிட்டு வந்து நின்னா அண்ணன் தாங்குவாரா? அப்புறம் ரிப்போர்ட்டு நல்லா வந்துச்சு. எல்லாரும் சிரிச்சுட்டிருந்தீங்க. அதக் கெடுக்க மனசு வரல. பயமாவும் இருந்துச்சு அண்ணி. ரொம்பப் பயமா இருந்துச்சு.

— இருக்கும். எனக்குத் தெரியாதா? அடுத்த விரலக் காட்டு.

— இன்னிக்கே ஆபரேஷனா?

— யாரு சொன்னா? டாக்டரம்மா பாப்பாங்க, ஒரு ஸ்கேன் எடுப்பாங்க, அவ்வளவுதான். நிறைய பேருக்குப் பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னாங்க. இருந்தாலும் சீக்கிரம் வந்தா சரி பண்ணிரலாம்னாங்க.

— அப்புறம் நகத்த எதுக்குத் துடைக்கிறீங்க?

— உன் கையும் நடுங்குது. பிடிச்சுக்க எனக்கு ஒரு சாக்கு வேணும்ல?

— அண்ணன் மறுபடியும் மயங்கி விழுவாரு அண்ணி.

— அவருக்குப் பெஞ்சு சொல்லி வெச்சாச்சு. அந்த வாட்ச்மேனும் காத்திட்டிருக்காரு.

— ஐயோ, சிரிக்க வைக்காதீங்க! உள்ள போனா என்ன சொல்வாங்களோ…

— அது மெயின் ரோடு பாப்பா, அத இப்ப நினைக்காத. டாக்டரம்மாவப் பாக்கற சீட்டு உன் பேர்லதான் எடுத்திருக்கேன். இப்ப அடுத்த திருப்பம் இந்தச் சுண்டுவிரல், அத மட்டும் அழிக்காம விட்டு வெக்கிறேன்.